சோம்பேறிக் கண்: வயது கடந்துவிட்டதா?

'சோம்பேறிக் கண்' என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. ஆம்ப்ளியோபியா எனப்படும் இக்குறைபாட்டில் கண்ணும் சோம்பேறி அல்ல, குழந்தையும் சோம்பேறி அல்ல. மாறுகண், இரு கண்களுக்கும் இடையே பவர் வேறுபாடு, பிறவிக் கண்புரை போன்றவற்றால் ஒரு கண்ணிலிருந்து தெளிவற்ற அல்லது பொருந்தாத உருவம் மூளைக்குச் செல்கிறது. மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்ற கண்ணையே நம்பப் பழகிவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1960-களில் ஹியூபெல், வீசெல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்து ஆராய்ந்தனர். திறந்தபின் கண் நலமாக இருந்தும், மூளையின் பார்வைப் பகுதிச் செல்கள் அக்கண்ணுக்கு ஏறத்தாழ எதிர்வினை காட்டவில்லை. இவ்வகை ஆய்வுகளுக்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். இதிலிருந்தே 'ஏழெட்டு வயதுக்குப் பின் சிகிச்சை பயன் தராது' என்ற கருத்து வேரூன்றியது.

பின்னர் வந்த சான்றுகள் இக்கருத்தைத் தளர்த்தின. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 7 முதல் 12 வயதுள்ளோரில் கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் 25 விழுக்காட்டினர் முன்னேறினர். அதனுடன் நல்ல கண்ணை மூடுதல், சொட்டுமருந்து முதலிய சிகிச்சையும் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினர் முன்னேறினர்.

நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரி குழந்தைப் பருவம் முதல் மாறுகண் உடையவர். ஒரு நேரத்தில் ஒரு கண்ணால் மட்டுமே பார்த்துவந்த அவர், 48 வயதில் கண் பயிற்சிகள் மூலம் இருகண் பார்வையைப் பெற்றார். காரின் ஸ்டீயரிங் தனியே முன்னால் நிற்பதை முதன்முறையாகக் கண்டதாக எழுதியுள்ளார். எல்லோருக்கும் இப்படி நிகழும் என்பதில்லை. சிகிச்சை எவ்வளவு விரைவோ, பலனும் அவ்வளவு அதிகம். ஆனால் வயதை மட்டும் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் கைவிடக் கூடாது.

வகுப்பறையில் நாம்

இக்குழந்தை 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வதில்லை. நல்ல கண் கரும்பலகையைப் படித்துவிடுகிறது. எனவே பார்வைப் பரிசோதனையில்,

• ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். விரலிடுக்கால் பார்க்காதவாறு உள்ளங்கையால் மூடச் செய்க. கண்ணை அழுத்தக் கூடாது.
• தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மூடுவது, பந்தைப் பிடிக்கத் தடுமாறுவது ஆகியவற்றைக் கவனிக்க.
• ஐயம் எழுந்தால் பெற்றோரிடம் சொல்லி, கண் மருத்துவரிடம் அனுப்புக.

சிகிச்சையில் நல்ல கண்ணை மூடிக்கொண்டு வரும் மாணவர், அந்த நேரத்தில் மங்கிய கண்ணால்தான் படிக்கிறார். அவரை முன்வரிசையில் அமர்த்தி, எழுதக் கூடுதல் நேரம் தருவோம். சக மாணவர்களின் கேலிக்கு அஞ்சி மறைப்பைக் கழற்றிவிட்டால் சிகிச்சை அங்கேயே நின்றுவிடும். ஏன் மூடியிருக்கிறார் என்பதை வகுப்புக்கு இரண்டு நிமிடம் விளக்குங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.