பேசும் படிமங்கள்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

அருங்காட்சியகம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கண்ணாடிப் பேழைகளும், ‘தொடாதீர்’ என்னும் பலகையுமே. அங்குள்ள பொருள்கள் அசைவதில்லை, பேசுவதில்லை. அவற்றை அசையவும் பேசவும் செய்யும் ஓர் அறிவியல் முறை இன்று வளர்ந்து வருகிறது. ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ எனப்படும் அதனைத் தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்பர். கண்முன் உள்ள பொருளை மறைக்காமல், அதன்மேல் கணிப்பொறி வரையும் உருவத்தைப் பொருத்திக் காட்டுவதே இதன் இயல்பு.

இது எவ்வாறு நிகழ்கிறது? நான் மரக்காணம் உப்பளத்தில் வளர்ந்தவன். ஆகவே அங்கிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். வரப்பில் நின்று பார்த்தால் செவ்வகமான பாத்தி, அருகிலுள்ள விளிம்பு நீண்டும் எதிர் விளிம்பு குறுகியும் சரிவகமாகத் தோன்றும். பாத்தியின் நீள அகலமும் கேமராவின் குவியத்தொலைவும் தெரிந்தால், படத்தில் விழும் நான்கு மூலைகளைக் கொண்டே, பார்ப்பவர் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். கைப்பேசி செய்வதும் இதுவே. ஓவியத்தின் மூலைகளையும் தனித்த புள்ளிகளையும் இனங்கண்டு, தான் இருக்கும் இடத்தையும் சாய்வையும் நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. அதற்கேற்ப உருவத்தை வரைகிறது.

அளவுகளையும் காண்போம். குவியத்தொலைவு 4 மி.மீ. எனக் கொண்டால், 2 மீட்டர் தொலைவிலுள்ள 40 செ.மீ. சிலையின் பிம்பம் 0.8 மி.மீ. ஆகும். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 1.6 மி.மீ. ஆகும். நாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்களே இங்கும் பயன்படுகின்றன!

1968இல் ஐவன் சதர்லேண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவியை அமைத்து இத்துறைக்கு வித்திட்டார். 2015இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், எலும்புக்கூட்டின் மேல் தசையும் தோலும் போர்த்தி விலங்கை அசையச் செய்து காட்டினர். 2017இல் கனடாவின் டொராண்டோ நகர ஓவியக்கூடத்தில், பழைய ஓவியத்து மாந்தர் கைப்பேசியில் மூழ்கியிருப்பதாகக் காட்டிப் பார்வையாளரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தனர்.

நம் நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சென்ற ஆண்டு என் அம்மாவை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் உப்பு வாரியே என்னைப் படிக்க வைத்தவர், எழுத்தறியாதவர். ஒரு செப்புத் திருமேனியின் முன் நின்று, “ஏம்பா, இது எந்த ஊரு சாமி? ஏன் மாலையில்லாம நிக்குது?” என்று கேட்டார். அட்டையில் பெயரும் நூற்றாண்டும் மட்டுமே இருந்தன. என்னாலும் விடை கூற இயலவில்லை. பட்டம் பெறப்போகும் நான் தலைகுனிந்தேன்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் உள்ளார். அத்தகைய திருமேனிகள் மெழுகில் உருவாகி, களிமண் பூசப்பெற்று, மெழுகு உருகி வழிந்த இடத்தில் உலோகம் பாய்ந்து பிறந்தவை. பட்டும் மாலையும் அணிந்து வீதியுலா வந்தவை. இவற்றை மிகை மெய்ம்மை கண்முன் காட்டி, பேச்சுத் தமிழில் எடுத்துச் சொன்னால், என் அம்மாவைப் போன்றோர் யாரையும் கேட்கத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. நண்பகலில் பாத்தி நீர் கண்ணைக் கூசச் செய்வதுபோல, பேழைக் கண்ணாடியில் விளக்கொளி எதிரொளித்தால் கேமரா தடுமாறும். நல்ல கைப்பேசி எல்லாரிடமும் இல்லை. ஆகவே கூடத்திலேயே கருவியை இரவல் தரவேண்டும். உடைந்த கையைக் கற்பனையால் ஒட்டிக் காட்டினால், ‘இது ஊகம்’ என்றும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் வரலாறு பொய்யாகிவிடும்.

எங்கள் ஊர்ப் பூமீசுவரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. நாள்தோறும் அவற்றைக் கடந்து செல்வோரில் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? தமிழ் பயிலும் நண்பர்கள் பொருள் கூறட்டும். கணிப்பொறி பயிலும் நண்பர்கள் நிரல் எழுதட்டும். இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் ஒளியையும் கோணத்தையும் பார்த்துக்கொள்கிறோம். முதல் பார்வையாளராக என் அம்மாவை அழைத்து வருகிறேன்.