சொல்லக் கூசும் நோய்



தலையிடி வந்தால் அயல் வீட்டாருக்கும் சொல்கிறோம். ஆனால் கருப்பை கீழிறங்கிவிட்டதைப் பெற்ற மகளிடமும் மறைத்து, நாற்று நடப் போகும் தாய்மார் நம்மிடையே உண்டு. ஏன் இந்த மௌனம்?

கரடியனாற்றை எடுத்துக்கொள்வோம். செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியில் அமைந்த, வயலை நம்பி வாழும் ஊர் அது. அங்கே பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆயினும் பெண்நோய் நிபுணரைக் காண்பதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களுக்குப் போகவேண்டும். பஸ் காசும் ஒருநாள் கூலியும் போய்விடும். எனினும், தூரத்திலும் பெரிய தடை கூச்சமே. பெண்ணின் வாழ்வில் அது எப்பருவத்திலும் தொடர்கிறது.

சிறுமி: பிள்ளை பெரியபிள்ளையானதும் சடங்கு செய்கிறோம், அவள் உடலைப் பற்றி அவளுக்கு விளக்குகிறோமா? மாதந்தோறும் பாடசாலைக்குப் போகமுடியாதபடி வலி இருந்தால், “பெண்ணென்றால் பொறுக்கத்தான் வேண்டும்” என்று சொல்லிவிடக் கூடாது. அது வைத்தியரிடம் காட்டவேண்டிய வலி. மணமாகாத பிள்ளைக்குப் பொதுவாக உட்பரிசோதனை செய்வதில்லை. வயிற்றின் மேலாக ஸ்கேன் செய்து பார்க்கலாம். ஆகவே தாய்மார் அஞ்சவேண்டியதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி, 2017 முதல் நம் நாட்டில் ஆறாம் தர மாணவியருக்கான தேசியத் திட்டத்தில் சேர்ந்துள்ளது. அதைத் தவறவிடாதீர்கள்.

நடுவயதுப் பெண்: 1996இல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் தொடங்கப்பெற்றன. 35 வயதான பெண்கள், நோயேதும் இல்லாவிடினும், அங்கே வருமாறு அழைக்கப்படுகின்றனர். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை மெதுவாக எடுத்துச் சோதிப்பர். சில நிமிட வேலை. இப்புற்றுநோய் உருவாகப் பொதுவாகப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் முன்கூட்டியே கண்டால் நோய் வராமலே தடுக்கலாம். இச்சேவை இலவசம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டறியுங்கள்.

முதியவள்: மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அது எச்சரிக்கை, தாமதியாமல் வைத்தியரைக் காணவேண்டும். கருப்பை இறக்கத்துக்கும் பயிற்சி, தாங்கு வளையம், சத்திரசிகிச்சை எனப் பரிகாரங்கள் உண்டு. “வயது போன எனக்கு இனி எதற்கு?” என்று பெத்தா சொல்வதை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

மருத்துவத் தொண்டாற்றுவோருக்கும் ஒரு வார்த்தை. நோயாளியின் துணிச்சல் வாசற்படியிலேயே உடைந்துவிடக் கூடும். திரையை இழுத்து மூடுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலிற் சொல்லி, அவள் சம்மதத்தைக் கேளுங்கள். உடனிருக்க ஒரு பெண்ணை அனுமதியுங்கள். வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். பிள்ளை இல்லாதவளிடமும் மணமாகாதவளிடமும் தீர்ப்புக் கூறும் தொனியில் கேள்வி கேளாதீர்கள். ஒருத்தி அவமானப்பட்டுத் திரும்பினால், அவள் சொல்லக் கேட்ட பத்துப் பேரும் வரமாட்டார்கள்.

கணவன்மாரே, கிளினிக் நாளில் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொண்டால், அதுவும் மருந்தில் பாதி.

சிந்திக்க:
1. என் வீட்டுப் பெண்கள் தம் நோயை என்னிடம் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா?
2. துணையின்றி வைத்தியசாலைக்குப் போகத் தயங்கும் அயலவள் யார்? நான் எப்போது அவளுடன் போவேன்?