புள்ளியும் சதுரமும் நிலைத்தவையோ?

மரமும் மனிதரும் இன்றி, கோடு, சதுரம், வட்டம், நிறம் ஆகியவற்றாலேயே அமையும் ஓவியங்களை மேனாட்டுப் புதுமை என்று நம்மவர் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆயின் அவற்றின் வேர்களுள் ஒன்று சென்னை அடையாற்றில் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் காணத் துணைநின்ற கர்னல் ஆல்காட் தலைமைதாங்கிய பிரம்மஞான சபையின் தலைமையகம் அங்குள்ளது. அச்சபையின் ஆலந்துக் கிளையில் 1909-இல் சேர்ந்தவர் மோன்டிரியான் என்னும் ஓவியர். நேர்கோடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலம் முதலிய சில நிறங்களுமே போதும் என்று பிற்காலத்தில் அமைந்த அவர், மாறும் தோற்றங்களுக்குப் பின்னே மாறாத பொருளொன்றைத் தேடினார்.

நம் நாட்டில் இவ்வழியில் பெரும்புகழ் பெற்றவர் சையத் ஐதர் ராசா (1922–2016). அலையும் மனமுடைய சிறுவனாயிருந்த அவரை அடக்க, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதனையே நோக்கியிருக்கச் செய்தாராம். 1950-இல் பாரிசுக்குச் சென்று மேனாட்டு முறைகளைக் கற்றுத் தேர்ந்த ராசா, முதிர்ந்த வயதில் அப்புள்ளிக்கே திரும்பினார். அதனை அனைத்திற்கும் வித்தாகிய 'பிந்து' எனக் கொண்டார்.

பௌத்த மாணாக்கர் இங்கே நின்று வினவுதல் வேண்டும். மாறாத பொருள், அனைத்திற்கும் வித்து என்பன ததாகதர் மறுத்த ஆன்மாவை வேறு ஆடையில் ஏற்பதாகாதோ? ஆகும் என்பதே நம் கருத்து. ஓவியத்தை நாம் பழிக்கவில்லை; விளக்கத்தையே மறுக்கிறோம். அந்த ஆசிரியர் இட்ட புள்ளியோ நமக்கு மிகவும் உவப்பானது. புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் கூறும் மண் கசிணமும் அத்தகையதே: வைகறை நிறமுடைய மண்ணை ஒரு சாணும் நான்கு விரலும் அகன்ற வட்டமாக மெழுகி, அதன்மேல் நோக்கை நிறுத்துவர். மனத்தில் அக்குறி பதிந்தபின் வட்டத்தைவிட்டு எழுந்து செல்வர். வட்டம் கருவி, பரம்பொருள் அன்று. சுடுமண் வேலைக்குப் பேர்பெற்ற பலமனேரில் இதற்கு மண் தேடி அலையவும் வேண்டா.

இனிச் சதுரம். யோசேப்பு ஆல்பர்சு என்பார் 1950 முதல் கால்நூற்றாண்டுக் காலம் ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்களையே வரைந்தார். அவர் பௌத்தர் அல்லர். ஆயினும் 1963-இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறம் அடுத்த நிறத்தைச் சார்ந்தே தோன்றுகிறது என்பதைப் பயிற்சிகளால் காட்டினார். ஒரே சாம்பல்நிறத் தாளில் இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றைக் கரிய தாளின்மீதும் மற்றதை வெள்ளைத் தாளின்மீதும் வைத்துப் பாருங்கள். முன்னது வெளிறியும் பின்னது கருத்தும் தோன்றும். இவற்றுள் எது அதன் சொந்த நிறம்? மணிமேகலை பன்னிரண்டாக வகுத்துரைக்கும் சார்பிற்றோற்றம் இங்கே கண்ணுக்கு நேரே நிற்கிறது.

ஆதலின், நிதானங்களைப் பொருளறியாது ஒப்பிக்கும் சிறுவர்க்கு ஆசிரியர்கள் முதலில் இத்தாள்களைக் காட்டுக. பேதைமை என்னும் முதற்சார்பை அதன்பின் தொடங்கலாம்.