காதால் கேட்ட அயர்லாந்து

எங்கள் பள்ளி நூலகத்தின் வாயிலுக்கு மேலே கறுப்பு வெள்ளை நிழற்படம் ஒன்று தொங்குகிறது. நீண்ட அங்கியும் முக்காடும் அணிந்த அருட்சகோதரியர் ஐவர் பிரம்பு நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் படத்தின் கீழே போய்வரும் நாங்கள், "அயர்லாந்திலிருந்து வந்தவர்கள்" என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி எதுவும் அறிந்ததில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்த அன்று வரலாறு கற்பிக்கும் சிஸ்டர், "அவர்கள் விட்டு வந்த நாடு எப்படி இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"சரி, விடுமுறையில் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆனால் முதலில் புத்தகத்தைத் தொடாதீர்கள். காதால் கேளுங்கள். பாட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சினிமாக் கதைக்குத்தான் கேட்க வேண்டுமா?" என்றார் சிஸ்டர். படிக்க வேண்டாம் என்று ஓர் ஆசிரியை சொன்னால் மகிழாத மாணவி உண்டோ? நாங்கள் நால்வர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம்.

பாட்காஸ்ட் என்பதைத் தமிழில் 'வலையொலி' என்கிறோம். இச்சொல் ஆங்கிலத்தில் தோன்றியதே 2004-ஆம் ஆண்டில்தான். ஒருவர் ஒரு பொருளைப் பற்றித் தொடராகப் பேசிப் பதிவு செய்து இணையத்தில் வைப்பார். நாம் வேண்டியபோது கேட்கலாம், நிறுத்தலாம், திரும்பவும் கேட்கலாம். எங்களுள் ஒருத்தியின் பாட்டியிடம் இதை விளக்கியபோது, "ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் வைப்பார்களே, அது மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஒலிச்சித்திரத்தை ஒரு நொடி தவறவிட்டால் போனது போனதுதான்; இதில் அந்தக் கவலை இல்லை.

அயர்லாந்தின் வரலாற்றுக்கென்றே ஃபின் டுவையர் என்பவர் நடத்தும் 'ஐரிஷ் ஹிஸ்டரி பாட்காஸ்ட்' எங்களுக்கு முதலில் கிடைத்தது. முதல் இரண்டு நாளும் பாதி விளங்கவில்லை. ஐரிஷ்காரர் பலர் பேசும் ஆங்கிலத்தில் 'த்ரீ' என்பது 'ட்ரீ' என்றே காதில் விழுகிறது. மூன்று குடும்பங்கள் என்கிறாரா, மரத்தடியில் குடும்பங்கள் என்கிறாரா என்று நாங்கள் வாதிட்டதுண்டு! முக்கால் வேகத்தில் வைத்தால் பேசுபவர் தூக்கக் கலக்கத்தில் உளறுவது போலிருந்தது. நான்காம் நாளில் காது பழகிவிட்டது. பிறகு, கேட்ட ஊர்ப் பெயர்களை எல்லாம் வரைபடத்தில் தேடிக் குறித்தோம். எழுத்துக்கூட்டல் தெரியாமல் ஓர் ஊரைத் தேடுவது எத்துணைக் கடினம் என்பதை, கார்க் மாவட்டத்து ஸ்கிப்பரீனைத் தேடி அலைந்தபோது அறிந்தோம்.

புனித பேட்ரிக், வைக்கிங்குகள், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த படை ஆகியவற்றை விரைவாகக் கடந்தோம். (உண்மையைச் சொன்னால், அரசர் பெயர்களில் எங்களுக்குத் தலை சுற்றியது.) பதினெட்டாம் நூற்றாண்டில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாதென்று அந்நாட்டில் அப்போது சட்டம் இருந்தது. கார்க் நகரில் நானோ நேகிள் என்ற பெண்மணி ஏழைக் குழந்தைகளுக்காக மறைவாகப் பள்ளிகள் நடத்தினார். 1775-இல் ஒரு சபையையும் தொடங்கினார். அதுவே பிரசன்டேஷன் சபை. அச்சபையின் சகோதரியர் 1842-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் கப்பலேறிய பின் சில ஆண்டுகளிலேயே அவர்கள் விட்டு வந்த நாட்டில் நேர்ந்ததுதான் எங்கள் விடுமுறை முழுவதையும் விழுங்கியது.

1845-ஆம் ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகத் தொடங்கின. காற்றிலும் ஈரத்திலும் பரவும் ஒரு நோய் அது. உருளைக்கிழங்கு போனால் வேறொன்றை உண்ணலாமே என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அங்குதான் விஷயம் இருக்கிறது. நிலம் பெரும்பாலும் நிலப்பிரபுக்களுடையது. குத்தகையாளர் விளைவித்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைப் பணத்துக்குப் போய்விடும். வீட்டுக்கென மிஞ்சுவது ஒரு துண்டு நிலமும் அதில் விளையும் கிழங்கும்தான். உழைக்கும் ஓர் ஆள் நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கும் மோருமே உண்டு வாழ்ந்தான். கிழங்கு அழுகியபோதும் தானியம் ஏற்றிய கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

முதலாண்டில் பிரதமர் பீல் ஒரு இலட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கினார். அதை எப்படி அரைப்பது, எப்படிச் சமைப்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை. வயிற்று வலியால் துடித்து, அதற்குப் 'பீலின் கந்தகம்' என்று பெயரிட்டனர். 1846-இல் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. ஆட்சியும் மாறியது. சும்மா உணவு கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகி விடுவர் என்று அஞ்சிய புதிய அரசு, பட்டினி கிடந்தவர்களைச் சாலை போடவும் கல் உடைக்கவும் அனுப்பியது. 1847-இல் அந்த வேலைகளையும் நிறுத்திவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் திறந்தனர். அவ்வாண்டு ஜூலையில் நாள்தோறும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் அங்கே உணவு பெற்றனர்.

இந்த இடத்தில் நாங்கள் கருவியை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 30 இலட்சம் பேருக்கு உணவளிக்க முடிந்திருக்கிறதே! அப்படியானால் முடியாமல் இல்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்திலேயே கஞ்சித் தொட்டிகளை மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுத்தாலன்றி உதவி இல்லை என்று சட்டமும் செய்தார்கள். ஸ்கிப்பரீனுக்கு அருகில் ஒரே கல்லறை நிலத்தில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை பெயரின்றிப் புதைக்கப்பட்டனர். 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் தொகை 81,75,124. 1851-இல் 65,52,385. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர்.

இதே எண்களைப் புத்தகத்தில் பார்த்திருந்தால் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்திருப்போம். இரவு விளக்கணைத்தபின் போர்வைக்குள் ஒரு மனிதக் குரல் சொல்லக் கேட்டபோது, எங்களுள் ஒருத்தி அன்று சாப்பிடாமல் தட்டில் ஒதுக்கிய சோற்றை நினைத்து அழுததாகச் சொன்னாள்.

அடுத்து வந்த பெயர் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாட்களில் இலண்டன் கருவூலத்தில் உயர் அதிகாரியாக இருந்து நிவாரணச் செலவைக் கையில் பிடித்திருந்தவர் சார்லஸ் டிரெவெலியன். பஞ்சம் என்பது கடவுளின் திருவுளப்படி நேர்ந்தது, அயர்லாந்தின் பழைய வாழ்க்கை முறையைத் திருத்த வந்தது என்னும் கருத்தில் 1848-இல் நூலே எழுதினார். பத்து இலட்சம் உயிர்கள் போனதில் ஆண்டவரின் பெயரை இழுத்தது, நாள்தோறும் செபமாலை சொல்லும் எங்களுக்கு வேதனையாய் இருந்தது. 1979-இல் எழுதப்பட்டு இன்றும் விளையாட்டு அரங்குகளில் ஐரிஷ் மக்கள் பாடும் ஒரு பாட்டில்கூட அவர் பெயர் வருகிறது; புகழ்ச்சிக்காக அன்று.

அந்த டிரெவெலியன்தான் 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார்! சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரும் பூங்காவை மக்களுக்காக அமைக்கச் செய்தவர் அவரே. ரிப்பன் மாளிகை நிற்பது அந்தப் பூங்காவின் நிலத்தில்தான். 1860-இல் இந்தியர்மீது புதிய வரிகள் விதிக்கக் கல்கத்தா அரசு முனைந்தபோது, இம்மக்கள் தாங்க மாட்டார்கள் என்று வெளிப்படையாக எதிர்த்து எழுதிப் பதவியையும் இழந்தார்.

எங்கள் குழு இரண்டாக உடைந்தது. "அங்கே அத்தனை பேரைச் சாகவிட்டவருக்கு இங்கே மட்டும் இரக்கம் எங்கிருந்து வந்ததடி?" என்றாள் ஒருத்தி. "முடிவெடுத்தவர்கள் பிரதமர் ரஸ்ஸலும் கருவூல அமைச்சரும். கணக்கு எழுதியவர் தலையில் எல்லாவற்றையும் போடுவதா?" என்றாள் மற்றவள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு கூடி முடிவு செய்தோம்: அவர் ஒருவரே கொலைகாரர் என்பது பாட்டுக்குப் பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது, ஆனால் பசித்தவனுக்குச் சோறு கொடுத்தால் கெட்டுப்போவான் என்று நம்பி எழுதிய கை அவருடையதே, அதை எந்தப் பூங்காவும் மறைக்காது. இதில் இன்னும் ஒருத்திக்கு உடன்பாடில்லை என்பதையும் அவள் கேட்டுக்கொண்டபடி இங்கே பதிவு செய்கிறோம்.

காதால் கேட்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. இனிய குரல் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றுகிறது. விக்டோரியா அரசி பஞ்ச நிதிக்கு ஐந்து பவுன்தான் கொடுத்தார் என்ற கதையைக் கேட்டுக் கொதித்தோம். தேடிப் பார்த்தால் அவர் கொடுத்தது 2,000 பவுன். துருக்கி சுல்தான் அப்துல் மெஜித் 1,000 பவுன் அனுப்பியது உண்மை. ஆனால் அவர் இரகசியமாக மூன்று கப்பல் உணவு அனுப்பினார், அதனால்தான் ட்ரோகெடா நகரச் சின்னத்தில் பிறையும் விண்மீனும் இருக்கின்றன என்ற கதைக்கு உறுதியான சான்று இல்லை. அந்தச் சின்னம் பஞ்சத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அதன்பின், ஒரே செய்தியை இரண்டு இடங்களில் சரிபார்த்த பிறகே நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதினோம், அதுவரை பென்சில்தான். கல்கத்தாவில் 1846-லேயே அயர்லாந்துக்கென நிதி திரட்டினார்கள் என்பதும், 1847-இல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினர் தங்கள் வறுமையிலும் 170 டாலர் அனுப்பினர் என்பதும் அப்படி மைக்கு மாறிய செய்திகள்.

கடைசியாக எங்களுக்குப் பிடித்துப்போனது 'ப்ளூரீனி பேலடிஷ்' என்ற வலையொலி. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பினர் நடத்துவது. பெயருக்கு 'நாட்டார் வழக்காற்றுத் துணுக்குகள்' என்று பொருள். 1935-இல் தொடங்கிய ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தினர் எடிஃபோன் என்னும் கருவியைச் சுமந்து சிற்றூர்தோறும் சென்று, முதியோர் பேச்சை மெழுகு உருளைகளில் பதிந்தார்களாம். எழுத்தில் படி எடுத்த பிறகு, பணமில்லாத காரணத்தால், பல உருளைகளைச் சீவி மறுபடியும் பயன்படுத்தினார்கள். பஞ்ச காலத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் பேசிய குரல் மெழுகுச் சீவலாய்ப் போயிற்று! எழுத்து மட்டும் தங்கியது.

1937 முதல் 1939 வரை அந்த ஆணையம் இன்னொன்றும் செய்தது. ஏறத்தாழ 5,000 பள்ளிகளில், பதினொன்று முதல் பதினான்கு வயதுள்ள 50,000 மாணவ மாணவியரிடம், "வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்" என்றது. பஞ்சத்தைப் பற்றியும் கேட்கச் சொன்னது. ஐரிஷ் மொழியில் அந்தக் காலத்துக்கு 'கெட்ட காலம்' என்று பொருள்படும் பெயர் உண்டு. எங்களை விட இளையவர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளை இன்று உலகில் எவரும் இணையத்தில் படிக்கலாம்.

நாங்கள் யாரைக் கேட்டிருக்கிறோம்? நம் ஊரிலும் 'தாது வருஷப் பஞ்சம்' என்ற பெயர் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நேர்ந்தது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்போது பட்டினி கிடந்தோர் கூலிக்கு வெட்டியதே. ஒலிச்சித்திரம் கேட்ட அதே பாட்டியிடம் சென்று, கைப்பேசியைப் பதிவுக்கு வைத்துக் கேட்டோம். "எனக்கென்ன தெரியும் கண்ணு? நான் பிறக்கிறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி" என்றார். சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். அவருடைய அப்பாயி முறத்தில் அரிசி புடைக்கும்போது தரையில் சிந்திய ஒரு மணியைக்கூட நகத்தால் பொறுக்குவாராம். ஏன் என்று கேட்டால், "தாது வருஷம் பார்த்தவங்க வளர்த்த கை" என்பாராம். அவ்வளவுதான் பாட்டிக்குத் தெரிந்தது.

பதிவின் நீளம் நான்கு நிமிடம். நடுவில் தெருவில் போன கோலமாவுக்காரரின் குரலும், பாட்டி வெற்றிலை இடிக்கும் ஓசையும் விழுந்திருக்கின்றன. அழிக்கவில்லை. பாட்டியின் அக்கா உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கிறாராம், அவருக்கு இன்னும் தெரியுமாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரிடம் போகிறோம்.