பன்னிரண்டு மில்லிமீட்டரில் திருச்சுழி

மாடல் ரயில் கட்ட நினைக்கிறவர்களில் பலருக்கும் முதல் ஆசை பாம்பன் பாலம் அல்லது ஊட்டி ரயில். ஆசையில் தப்பில்லை, கணக்குப் போட்டால்தான் இடிக்கும். எச்ஓ எனப்படும் 87இல் ஒரு பங்கு அளவில், 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் மட்டுமே ஏறக்குறைய 24 மீட்டர் நீளம் வரும். ஊட்டிப் பாதையோ செங்குத்தான பகுதியில் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. நடுவில் பல்சட்டமும் எஞ்சினுக்கு அடியில் பற்சக்கரமும் இல்லாமல் அது ஊட்டி ரயில் ஆகாது; அந்த அளவில் பற்சக்கரம் கடைவது கடிகாரம் பழுதுபார்ப்பவரின் பொறுமையைக் கேட்கும் வேலை. வீட்டில் ஓர் அறையும் மாதம் கொஞ்சம் காசும் இருப்பவருக்கு நான் சொல்வது விருதுநகர்–மானாமதுரை மீட்டர்கேஜ் பாதையைத்தான். அதிலும் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையிலான துண்டு போதும். 1963-64இல் திறந்து, 2000களின் பிற்பகுதி வரை மீட்டர்கேஜாக ஓடி, 2013இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்த ஒற்றைத் தடம் அது. மலை, குகை, பெரிய பாலம் எதுவும் கிடையாது. அவை இல்லாததுதான் கட்டுகிறவருக்கு வசதி.

கேஜிலிருந்து, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்திலிருந்து தொடங்குகிறேன். நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ.; அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கான அளவு. இன்றைய அருப்புக்கோட்டை ஸ்டேஷனைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் தண்டவாளத்தையும் சக்கர அச்சையும் நாமே செய்துகொள்ள வேண்டும். ஆனால் மீட்டர்கேஜ் 11.5 மி.மீ.தான் வருகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களுக்காக பீகோ, பெமோ நிறுவனங்கள் விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஓடிக்கொண்டிருக்கிற ரயிலுக்குத் தண்டவாளம் கிடைக்காது, இல்லாமல் போன ரயிலுக்குக் கிடைக்கிறது என்பது வேடிக்கைதான். அயர்லாந்துக்காரர்களுக்கும் இதே கதை. அவர்களுடைய பெரிய பாதை 5 அடி 3 அங்குலம். அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் 21 மி.மீ. வர வேண்டும், ஆனால் பெரும்பாலோர் 16.5இல் ஓட்டிச் சமாதானம் அடைகிறார்கள். 1959இல் மூடிய டொனகால், 1961இல் மூடிய மேற்கு கிளேர் போன்ற மூன்றடிப் பாதைகளைக் கட்டுகிறவர்களுக்கோ கணக்கு 12 மி.மீ. என்று அச்சாக அமைகிறது.

மீட்டர்கேஜ் வண்டியையும் 16.5இலேயே ஓட்டினால் அந்தச் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதான். வண்டி நேரே நம்மை நோக்கி வரும்போதுதான் குட்டு வெளிப்படும். மீட்டர்கேஜ் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர், தண்டவாளம் ஒரு மீட்டர். இரண்டு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே தொங்கிக்கொண்டு, ஒரு ஆட்டத்தோடு அந்த வண்டி வரும். அந்தத் தோற்றம் வராவிட்டால் பெட்டிக்கு எவ்வளவு நல்ல வண்ணம் பூசினாலும் அது மீட்டர்கேஜ் இல்லை. இன்னொன்று, அகலப்பாதையின் பழைய பெட்டிகளைப் போல இரண்டு ஓரத்திலும் பஃபர் கிடையாது, நடுவில் ஒன்றுதான். வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி வண்ணம் மாற்றுகிறவர்கள் ஓர பஃபரை வெட்ட மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்தப் பாதையில் ஓடியது ஒரு சில பாசஞ்சர் வண்டி, அதை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் விளையாடுவது என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் வட்டமாகச் சுற்றும் ரயிலை மனதில் வைத்துக் கேட்கிற கேள்வி. வட்டத்தில் எத்தனை வண்டி ஓடினாலும் கால் மணி நேரத்தில் அலுத்துவிடும். ஒற்றைத் தடத்தில் வண்டியைவிட விதிதான் சுவாரசியம். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வண்டிக்குத்தான் இடம், அதற்கு அத்தாட்சி டோக்கன். தோல் பையில் போட்ட இரும்புப் பந்தை வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். வீட்டில் அதற்கு ஒரு கோலிக்குண்டு போதும். அருப்புக்கோட்டை ஸ்டேஷன் வைத்த பலகையில் ஒருவர், திருச்சுழிப் பலகையில் ஒருவர், நடுவில் ஒரே கோலி. அது கைக்கு வராமல் கைகாட்டி இறங்கக் கூடாது. வேகத்தையும் கட்டுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் நொடிக்கு 16 சென்டிமீட்டர்தான். மூன்று மீட்டர் பலகையைக் கடக்க ஏறக்குறைய இருபது நொடி ஆகும். அந்த இருபது நொடியைப் பொறுக்காதவர் மீட்டர்கேஜைத் தொடாமல் இருப்பது நல்லது.

நிலத்துக்கு வருவோம், பலரும் சறுக்குவது இங்கேதான். வெளிநாட்டுப் புல்தூள் பொட்டலத்தை வாங்கித் தூவிவிட்டு இது திருச்சுழி என்றால் நம்ப முடியாது. கரிசல் மண் அங்கே சும்மா கிடக்கிறது, அதையே எடுக்கலாம். காயவைத்து, பொடித்து, வேட்டித் துணியில் சலித்து, கடைசியில் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். விட்டுவைத்தால் அது எஞ்சின் மோட்டாருக்குள் போய்விடும். மண்வெடிப்பு வேண்டும் என்று தடிமனாக அப்பினால், விரல் நுழைகிற பிளவு விழுந்து பலகையே பாழாகும். நிலத்தில் ஐந்து சென்டிமீட்டர் வெடிப்பு இங்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெடிப்பின் இடைவெளி பூச்சின் கனத்தைப் பொறுத்தது. அதனால் மண்ணையும் ஃபெவிகால் தண்ணீரையும் கரைத்து, தோசைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லியதாகத் தடவி, நிழலில் காயவிட வேண்டும். நிறத்தையும் ஒரு படி வெளுப்பாக வைக்க வேண்டும். வெயிலில் பார்க்கும் கரிசல் அறை விளக்கில் தார் மாதிரித் தெரியும். ஜல்லிக்கு எம்-சாண்டை ரவை சல்லடையில் சலித்தால் போதும். பனைமரத்தைக் குட்டையாகச் செய்யாதீர்கள்: 15 மீட்டர்ப் பனை இங்கே 17 செ.மீ. உயரம்; பெட்டியின் நீளமே 22 செ.மீ. சொச்சம்தான். குடைவேல மரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கி, உச்சியில் தேங்காய் நாரைத் தட்டையாகப் பரப்பலாம்.

காலத்தையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். 1965 என்று வைத்துக்கொண்டால் சீமைக் கருவேலம் இன்று இருப்பதுபோல் இருபுறமும் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது; பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பேருந்தும் கூடாது, அந்தக் கழகம் 1972இல்தான் வந்தது. 2005 என்றால் கருவேலங்காடும் கரிமூட்டப் புகையும் வேண்டும், எஞ்சின் ஒய்டிஎம்-4 டீசல். தொடங்குகிறவருக்கு இரண்டாவதே லேசு. டீசல் எஞ்சினின் உடல் பெட்டி வடிவம், பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டலாம். ஒய்பி நீராவி எஞ்சினின் நெம்புகோல்களை முதல் வருடமே தொட வேண்டாம். திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் பால ரமணர் ரயில் பார்ப்பதுபோல் ஒரு பொம்மை வைக்கத் தோன்றும். அவர் பிறந்தது 1879. திருவண்ணாமலைக்குப் போக 1896இல் ரயில் ஏறியது மதுரையில். திருச்சுழிக்கு ரயில் வந்தது அவர் மறைந்து பத்து வருடத்துக்கும் மேல் கழித்து.

வெயில், தூசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டர் தண்டவாளம் இருபது டிகிரி சூட்டில் ஒரு மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் மார்கழியில் பதித்தால் சித்திரையில் வளையும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 66 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். தெர்மாகோலை ரப்பர் பசையால் ஒட்டினால் கரைந்துவிடும். துருவென்று நினைத்துத் தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஸ்பிரிட் தொட்ட துணி போதும்.

அகலப்பாதை போட்டபோது பழசெல்லாம் போய்விட்டதே, எதைப் பார்த்துச் செய்வது என்பது கடைசிக் கேள்வி. அயர்லாந்தில் சிரில் ஃப்ரை தலைமுறைக்கும் நிற்கிற மாடல்களைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவர் இன்சிகோர் ரயில் பணிமனையில் வரைபட வேலை பார்த்தவர் என்பது. அசல் வரைபடம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. பழைய கால அட்டவணை, கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் தெரியும் பிளாட்பாரம், அந்தப் பாதையில் கேங்மேனாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தவர்களின் நினைவு, இவைதான் நம் வரைபடம். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டியிருக்கும். முதலில் அவர்களிடம் போய், பாயின்ட் எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர்த் தொட்டி எங்கே நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகை அறுப்பதைப் பிறகு பார்க்கலாம்.