போகவும் வரவும் ஒரே டயர்: டிராக் டேக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஓசூர்ல வண்டிப் பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்ல. வீட்டுக்கு ஒருத்தர்னு சொல்ற அளவுக்கு யாராவது டிவிஎஸ்லயோ, அசோக் லேலண்ட்லயோ, இல்ல சிப்காட்ல அவங்களுக்கு பார்ட்ஸ் செய்யற கம்பெனியிலயோ வேலை பார்ப்பாங்க. ஆனா நம்ம காரை எடுத்துட்டுப் போய் முழு வேகத்துல ஓட்ட இங்கே இடம் கிடையாது. டிவிஎஸ் வளாகத்துக்குள்ள ஒரு டெஸ்ட் டிராக் இருக்கு, அது நமக்கானது இல்ல. நமக்கு இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை. இல்லன்னா கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துது. 1990-ல திறந்தது, ஒரு சுற்று 3.717 கி.மீ. கரி ஸ்பீட்வே அதைவிடச் சின்னது, 2.1 கி.மீ. டிராக் டேன்னா போட்டி இல்ல. காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்த வண்டியைச் செஷன் செஷனா ஓட்டிப் பார்க்கற நாள். "ஸ்போர்ட்ஸ் கார்"னு சொல்றோமே தவிர, நம்ம ஆளுங்க கொண்டு போறது பெரும்பாலும் போலோ ஜிடி, ஸ்விஃப்ட் மாதிரி வண்டிதான். அதுல ஒன்னும் தப்பில்ல.

டயர் பத்தின பேச்சு எப்பவும் "எதுல கிரிப் அதிகம்?"லதான் ஆரம்பிக்கும். நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்தக் கேள்வி பாதிதான். ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர், ராணிப்பேட்டை வழியா இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 270 கி.மீ. டிரெய்லர்ல ஏத்திட்டுப் போற வசதி நமக்கு இல்ல. டிராக்ல ஓடற அதே நாலு டயர்தான் நம்மளை அங்கே கொண்டு போகணும், ராத்திரி லாரிகளுக்கு நடுவுல திருப்பிக் கூட்டிட்டும் வரணும். அதனால கேள்வியையே மாத்திப் போடணும்: டிராக்ல தாங்கி, வீட்டுக்கும் பத்திரமா கொண்டு வந்து சேர்க்கற டயர் எது?

முதல்ல ஒரு அளவு. 1,100 கிலோ கார், டயர்ல 32 பிஎஸ்ஐ காற்று. எடையை அழுத்தத்தால வகுத்தா, தரையைத் தொடற மொத்தப் பரப்பு தோராயமா 490 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாள் 624. அதாவது நாலு டயரும் சேர்ந்து ரோட்டைத் தொடறது, நம்ம ரெக்கார்ட் நோட்டுல ஒரு பக்கத்தைவிடக் குறைவு. பிரேக், ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர் எல்லாமே அந்த இடத்து வழியாத்தான் நடக்குது. அங்கே இருக்கிற ரப்பர் எப்படிப்பட்டதுங்கறதுதான் டயர் தேர்வு.

ரப்பரோட பிடிப்பு ரெண்டு விதமா வருது. ஒன்னு, தார்ப் பரப்போட மூலக்கூறு அளவுல ஒட்டிக்கிறது. இன்னொன்னு, தாரோட சின்னச் சின்ன மேடு பள்ளங்கள்ல ரப்பர் அமுங்கி எழும்போது இழக்கற ஆற்றல், அதாவது ஹிஸ்டெரிசிஸ். ரெண்டுமே வெப்பநிலையைப் பொறுத்தது. ரேஸுக்கான ஸ்லிக், செமி ஸ்லிக் டயர்கள் நல்லாச் சூடேறின பிறகுதான் முழுசா வேலை செய்யும். ரோடு டயர் வாசல்லயே வேலை செய்யும். ஆனா ரொம்பச் சூடேறினா ரப்பர் வழவழன்னு ஆகி, வண்டி வளைவுல வெளியே தள்ளும். மே மாச மதியத்துல டிராக்கோட தார் 50 டிகிரியைத் தாண்டிடும், அதனால நம்ம ஊர்ல ரோடு டயர் சூடேறலையேங்கற கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது அது ஆறுமாங்கறதுக்குத்தான். அஞ்சாறு சுற்று வேகமா ஓட்டிட்டு ஒரு சுற்று மெதுவா விடுங்க. டயரோட பிரேக்கும் சேர்ந்து ஆறும்.

யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க "200 டிரெட்வேர்"னு பேசறதைக் கேட்டிருப்பீங்க. அது அமெரிக்க அளவீடு. எண் குறைஞ்சா பொதுவா ரப்பர் மிருது, சீக்கிரம் தேயும். அந்த எண்ணைக் கம்பெனிக்காரங்களே சோதிச்சுப் போட்டுக்கறாங்க. அதனால ஒரே பிராண்டுக்குள்ள ஒப்பிடலாம், வேற வேற பிராண்டுக்கு நடுவுல அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அவங்க காட்டற டயர்கள் பல இங்கே சுலபமா கிடைக்கவும் கிடைக்காது. 2020 ஜூன்ல மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல சேர்த்துச்சு. ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். நிஜத்துல நம்ம கையில இருக்கறது நல்ல ரோடு டயர்கள்தான். என் கருத்து, முதல் நாலஞ்சு டிராக் டேக்கு அதுவே போதும். வழுக்கறதுக்கு முன்னாடி கீச்சுனு சத்தம் போட்டுச் சொல்லும். செமி ஸ்லிக் அதிக வேகம் வரைக்கும் பிடிச்சுட்டுத் திடீர்னு கைவிடும். புதுசா ஓட்டறவங்களுக்கு அது ஆகாது.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு, பைக்கா இருந்தாலும். டிவிஎஸ் 1982-ல இருந்து ரேஸிங் பண்ற கம்பெனி. ஓசூர்ல தயாராகற அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ 2017 டிசம்பர்ல விட்டாங்க, அப்ப மிஷெலின் பைலட் ஸ்ட்ரீட் ரேடியல் டயர். 2020 ஜனவரியில பிஎஸ்6 மாடல் வந்தப்போ டயரை மாத்தினாங்க. எதுக்குத் தெரியுமா? டிராக் டயருக்கு இல்ல. மிஷெலின் ரோடு 5-னு ஒரு ஸ்போர்ட்ஸ் டூரிங் டயருக்கு. பின் டயர்ல நடுவுல கெட்டி ரப்பர், ஓரத்துல மிருது ரப்பர். தேய்ஞ்ச பிறகும் தண்ணியை வெளியேத்தற மாதிரி பள்ளங்கள். ரேஸ் டிராக்ல பிறந்ததுன்னு விளம்பரம் பண்ற வண்டிக்கே ஷோரூம்ல இருந்து மழைக்கான டயர்தான் வருது. விக்கறவங்களுக்குத் தெரியும், அது வாழ்க்கையில பெரும்பகுதி ரோட்டுலதான் ஓடப் போகுதுன்னு.

மழைன்னதும் இன்னொரு கணக்கு. 1960-கள்ல நாசாவில வால்டர் ஹார்ன் குழுவினர் விமான டயர்களை வெச்சு ஒரு விதி கண்டுபிடிச்சாங்க: தேங்கின தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிக்கற வேகம், கடல் மைல் கணக்குல, பிஎஸ்ஐயோட வர்க்கமூலத்தைப்போல 9 மடங்கு. 32 பிஎஸ்ஐக்குப் போட்டா மணிக்கு 94 கி.மீ. வருது. 28 பிஎஸ்ஐக்கு 88. இது மொழுக்கை டயருக்கான விதி. நல்ல பள்ளம் உள்ள டயர் இதைவிட அதிக வேகம் தாங்கும். ஆனா அக்டோபர், நவம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெய்யற மழையை நினைச்சுப் பாருங்க. தேய்ஞ்ச டயரோட 94-க்கு மேல போனா, ஸ்டீயரிங் உங்க கையில இருக்கும், கார் இருக்காது. சட்டப்படி குறைஞ்சபட்சப் பள்ளம் 1.6 மி.மீ. மழைக்காலத்துக்கு அது போதவே போதாது.

இங்கதான் ஒரு இழுபறி. காஞ்ச டிராக்ல புத்தம்புது டயரைவிட பாதி தேய்ஞ்சது நல்லா ஓடும். புது டயரோட உயரமான கட்டைகள் வளைவுல ஆடி, அதுலயே சூடேறி, ஓரம் பிய்ஞ்சு வரும். டிராக்குக்குத் தேய்ஞ்சது, மழைக்குப் புதுசு. ரெண்டுக்கும் நடுவுல, 4 அல்லது 5 மி.மீ. பள்ளம் உள்ள டயரோட ஜனவரி, பிப்ரவரியில போறது எனக்குச் சரின்னு படுது. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும், வெயிலும் உச்சிக்கு வந்திருக்காது.

இப்ப காற்று. டயர் வாங்க காசு இல்லாதவங்களும் சரி பண்ணிக்கக்கூடிய விஷயம் இது, ஆனா இதைத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. கேஜ் காட்டறது முழு அழுத்தம் இல்ல. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம்ங்கறது மட்டும்தான். ஓசூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 880 மீட்டர் உயரம், இங்கே வெளிக்காற்று சுமார் 13.2 பிஎஸ்ஐ. இருங்காட்டுக்கோட்டையில 14.6. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஐடியல் கேஸ் விதியைப் போடுவோம்.

காலையில 20 டிகிரியில ஓசூர்ல 32 அடிக்கறீங்க. முழு அழுத்தம் 45.2. டிராக்ல நாலஞ்சு சுற்றுக்கு அப்புறம் உள்காற்று 75 டிகிரின்னு வெச்சுக்குவோம். கெல்வின்ல 293, 348 ஆகுது. முழு அழுத்தம் 53.7. அதுல 14.6 போனா கேஜ் 39 காட்டும். 39-ல டயர் நடுப்பகுதி மட்டும் உப்பிக்கிட்டு ஓரங்கள் தரையைச் சரியாத் தொடாது. அந்த ஏ4 தாள் இன்னும் சின்னதாகும். அதனாலதான் பிட்டுக்கு வந்த உடனே, சூடா இருக்கும்போதே காற்றைக் கொஞ்சம் இறக்கறாங்க. எவ்வளவுங்கறது கார், டயரைப் பொறுத்தது. ஒரு சுலப வழி: டயர் ஓரத்துல, தரையைத் தொடற பகுதியில இருந்து பக்கச்சுவர் வரைக்கும் சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு ஓட்டுங்க. கோடு பக்கச்சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காற்று குறைவு. ஓரத்துக்கே வரலைன்னா அதிகம். முன் சக்கரத்துல ஓடற கார்னா முன் டயரை முக்கியமா பாருங்க, எல்லாப் பாடும் அதுக்குத்தான்.

சரி, சூட்டுல 34-க்கு இறக்கிட்டீங்க. டிராக் அருமையா இருந்துச்சு. சாயந்திரம் டயர் ஆறி 35 டிகிரிக்கு வந்ததும் என்ன இருக்கும்? அதே கணக்குல 28. இப்ப நாலு பேர், பைகள், டூல் பாக்ஸ், 270 கி.மீ. ஹைவே. காற்று குறைஞ்ச டயரோட பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துலயும் அதிகமா மடங்கும், மடங்க மடங்க உள்ளுக்குள்ள சூடேறும். ஏற்கெனவே பகல் முழுக்க வதைபட்ட டயர் அது. ஹைவேல டயர் வெடிக்கறதுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேற வேண்டாம். அதனால டிராக்கை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, டயர் ஆறினதும், டிரைவர் கதவைத் திறந்தா தெரியற ஸ்டிக்கர்ல முழு லோடுக்குப் போட்டிருக்கற அளவுக்குக் காற்றை ஏத்தியே ஆகணும். டிராக்ல காற்று கிடைக்கும்னு நம்பாம, 12 வோல்ட்ல ஓடற சின்ன கம்ப்ரஸரும் ஒரு கேஜும் டிக்கியில இருக்கட்டும். ஒவ்வொரு பங்க் மீட்டரும் ஒவ்வொன்னு சொல்லும், அதனால நாள் முழுக்க ஒரே கேஜ்.

நைட்ரஜன் அடிச்சா இந்தப் பிரச்சினையே இல்லைன்னு பங்க்ல சொல்வாங்க. நம்ம மூச்சுக்காற்றுலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் விரியும். ஒரே வித்தியாசம் ஈரப்பதம் இல்லாம இருக்கும், அவ்வளவுதான். ஓசியில கிடைச்சா அடிச்சுக்கங்க.

கடைசியா பக்கச்சுவரைப் படிங்க. 185/60 ஆர்15 84எச்-ல 84-ன்னா ஒரு டயர் 500 கிலோ தாங்கும், எச்-ன்னா மணிக்கு 210 கி.மீ. வரைக்கும். கம்பெனி கொடுத்ததைவிடக் குறைஞ்ச எழுத்து வாங்காதீங்க. நாலு இலக்க எண்ணுல முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்: 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. பள்ளம் எவ்வளவு இருந்தாலும், வருஷம் ஆன ரப்பர் கெட்டியாகிடும். பக்கச்சுவர்ல வெடிப்பு, வீக்கம், இல்ல வெளியில இருந்து ஸ்ட்ரிப் சொருகி ஒட்டின பஞ்சர் இருந்தா அந்த டயர் டிராக்குக்கு வேண்டாம். டிராக்ல இருந்து வந்த மறுநாள் காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, நாலு டயரோட உள்பக்க ஓரத்தையும் கையை விட்டுத் தடவிப் பாருங்க. வெளிய நின்னு பார்த்தா தெரியாத பக்கம் அது. கம்பி தெரியற அளவுக்குத் தேயறதும் பல நேரம் அங்கேதான்.