மண்ணின் சுவட்டு உலோகங்களும் மனிதரின் இருதயமும்

பயிர் செழித்து வளர்வதற்கு நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகிய மூன்றும் பெருமளவில் வேண்டும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். இவற்றோடு நாகம், செம்பு, இரும்பு, மங்கனீசு முதலியன மிகச் சிறிய அளவில் வேண்டப்படுகின்றன. நாகம் குறைந்த வயலில் நெற்பயிர் துருநிறம் பெற்றுக் குன்றி நிற்பதைப் பலர் நேரிற் கண்டிருப்பர். இங்ஙனம் நுண்ணளவில் வேண்டப்படும் பொருள்களையே சுவட்டு மூலகங்கள் என்கிறோம்.

பயிருக்குப் பொருந்தும் இவ்விதி அப்பயிரை உண்ணும் கால்நடைக்கும் மனிதருக்கும் பொருந்தும். சிறப்பாக, இரவு பகல் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பாகிய இருதயம் இம்மூலகங்களின் குறைவினாலும் கெடும்; மிகையினாலும் கெடும். இவை உடலுட் செல்லும் வழிகளுள் முதன்மையானது மண்ணில் விளையும் உணவாதலின், இருதய நோயைப் பற்றிய அறிவு வைத்தியருக்கு மட்டுமன்றிக் கமக்காரருக்கும் உரியதாகும்.

உடலில் இவற்றின் அளவும் தொழிலும்

வளர்ந்த ஒருவரின் உடலில் இரும்பு சுமார் 4 கிராமும், நாகம் சுமார் 2 கிராமும், செம்பு சுமார் 100 மில்லிகிராமும் உள்ளன. செலீனியம் இவற்றினும் மிகக் குறைவு. நாளொன்றுக்கு ஒருவருக்கு வேண்டிய செலீனியம் ஏறத்தாழ 55 மைக்கிரோகிராம் மாத்திரமே. மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். செலீனியம் முற்றாக உலோகமன்று. எனினும் தொழிலால் இக்கூட்டத்தைச் சேர்ந்ததாதலின் இங்கே சேர்த்துக் கூறப்படுகின்றது.

அளவு சிறிதாயினும் தொழில் பெரிது. இரும்பு, குருதியில் ஒட்சிசனைச் சுமந்து செல்ல உதவுகின்றது. செம்பு, குருதிக் குழாய்களின் சுவருக்கு உறுதியும் நெகிழ்ச்சியும் தரும் நொதியத்தின் உறுப்பாகும். செலீனியம், இருதயத் தசையின் கலங்களைச் சிதைவினின்று காக்கும் நொதியமொன்றில் அமைந்துள்ளது என்பது 1973 ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

மாடுகள் கற்பித்த பாடம்

இவ்வுண்மையை முதலில் உணர்த்தியவற்றுள் கால்நடைகளும் அடங்கும். மேற்கு அவுஸ்திரேலியாவின் சில மேய்ச்சல் நிலங்களில், நன்றாக நின்ற பசுக்கள் திடீரென விழுந்து உயிர்விட்டன. ஆங்குள்ளோர் இதனை ‘விழும் நோய்’ என்றனர். 1930களின் பிற்பகுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் பெனற்ஸ் என்னும் கால்நடை அறிஞரும் அவருடன் உழைத்தோரும் இதனை ஆராய்ந்தபோது, இறந்த பசுக்களின் இருதயத் தசை மெலிந்து நார்ப்பற்றிப் போயிருந்தமை தெரியவந்தது. காரணம் யாதெனில், அம்மண்ணிலும் அதில் வளர்ந்த புல்லிலும் செம்பு மிகக் குறைந்திருந்தமையேயாம். மயில்துத்தம் எனப்படும் செப்புச் சல்பேற்றைச் சிறிதளவு நிலத்துக்கு இட்டபோது, இக்குறை நீக்கத்தக்கதாயிற்று.

கேசான் நோய்

மனிதரிடத்து இதனினும் துயரமான சான்று சீன தேசத்திற் கிடைக்கின்றது. 1935 ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடகிழக்கேயுள்ள ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் கேசான் மாவட்டத்தில் ஒரு கொடிய இருதய நோய் தோன்றியது. இருதயம் பருத்து, தசை வலுவிழந்து, பலர் மாண்டனர். சிறு பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதுடைய பெண்களுமே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். பின்னர் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை நீண்டு செல்லும் ஒரு நிலப்பட்டியில் இந்நோய் காணப்பட்டது. அந்நிலப்பட்டியின் மண்ணிலும் தானியத்திலும் செலீனியம் மிக அரிதாக இருந்தது.

இங்கே கமக்காரர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரே ஊரில், வெளியிடத்து உணவை வாங்கி உண்டோர் பெரும்பாலும் தப்பினர். தம் நிலத்தில் விளைந்ததையே உண்டு வாழ்ந்த கமக்காரக் குடும்பங்களே துன்புற்றன. தன் நிலத்து நெல்லை உண்பது நமக்குப் பெருமை. ஆயின் நிலத்தில் இல்லாத ஒன்றை அந்நிலத்தின் தானியம் எங்ஙனம் தரும்?

சிச்சுவான் மாகாணத்தின் மியன்னிங் மாவட்டத்தில் 1974 ஆம் ஆண்டில் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை சோடியம் செலனைற்று மாத்திரை கொடுத்துச் சோதித்தனர். மாத்திரை பெற்ற 4,510 பிள்ளைகளுள் 10 பேருக்கு நோய் கண்டது. பெறாத 3,985 பிள்ளைகளுள் 54 பேருக்குக் கண்டது. அடுத்த ஆண்டிலும் இவ்வேறுபாடு தெளிவாயிருந்தமையால், 1976 ஆம் ஆண்டில் யாவருக்கும் மாத்திரை வழங்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுத்த அளவு வாரத்துக்கு அரை மில்லிகிராம் மட்டுமே. ஒரு வைரசுத் தொற்றும் இந்நோய்க்குத் துணைசெய்தது எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எனினும் செலீனியக் குறைவே அத்தொற்றுக்கு வாயிலைத் திறந்து வைத்தது எனலாம்.

மிகையும் தீங்கே

‘குறைவு தீங்காயின் கூட்டி உண்போம்’ என்று ஒருவர் எண்ணலாம். அது பிழை. அதே சீன தேசத்தில் ஹூபெய் மாகாணத்து என்ஷியில், செலீனியம் மிகுந்த மண்ணில் விளைந்ததை உண்ட மக்கள் 1961 முதல் 1964 வரை தலைமயிரும் நகமும் உதிர்ந்து வருந்தினர்.

கோபாற்று என்னும் உலோகம் பீ 12 உயிர்ச்சத்தின் உறுப்பு. ஆதலின் உடலுக்கு வேண்டியது. ஆயினும் 1965-66 இல் கனடாவின் கியூபெக் நகரில், நுரை நிலைத்து நிற்பதற்காகக் கோபாற்று உப்பு சேர்க்கப்பட்ட பியரை மிகுதியாக அருந்தி, உணவைக் குறைத்து வாழ்ந்தவர்களுள் 48 பேர் இருதயத் தசை நோய்க்கு ஆளாகி, 20 பேர் இறந்தனர்.

இரும்பும் அவ்வாறே. நமது நாட்டில் தலசீமியா நோயாளருக்கு அடிக்கடி குருதி ஏற்றப்படுகின்றது. அதனால் உடலில் தேங்கும் இரும்பை மருந்தினால் நீக்காவிடின் அது இருதயத்திற் படிந்து உயிருக்கே ஊறு விளைக்கும். சோகையெனக் கண்டவுடன் வைத்தியரைக் கேளாது இரும்பு மாத்திரை உண்பது தகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

உடலுக்கு வேண்டாத உலோகங்கள்

ஈயம், கட்மியம், ஆசனிக்கு ஆகியவற்றால் நம் உடலுக்கு யாதொரு பயனும் இல்லை. ஈயம் எலும்பிற் பல்லாண்டு தங்கிக் குருதி அமுக்கத்தை உயர்த்தும். கட்மியம் சிறுநீரகத்தில் பத்தாண்டுக்கு மேலாகவும் தங்கக்கூடியது. இம்மூன்றும் இருதய நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் ஏதுவாகின்றன என 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயச் சங்கம் எடுத்துரைத்தது.

உட்சென்ற ஈயத்தை மருந்தேற்றி வெளியேற்றினால் இருதயம் நலம்பெறுமா என்றும் ஆராய்ந்தனர். முன்பு மாரடைப்புக்கு உள்ளான நீரிழிவு நோயாளரிடத்து நடத்தி 2024 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பெரிய சோதனையொன்றில், குருதியில் ஈயம் குறைந்தது; ஆயின் மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. ஆகவே உட்புகுந்தபின் துரத்துவதிலும் புகாமற் காப்பதே அறிவுடைமை.

கட்மியம் வயலுக்கு வரும் வழிகளுள் ஒன்று பொசுபேற்றுப் பசளையாகும். பொசுபேற்றுப் பாறையில் இயல்பாகவே கட்மியம் கலந்துள்ளது; பாறை கிடைக்கும் இடத்திற்கேற்ப அதன் அளவு கூடியும் குறைந்தும் இருக்கும். இதன் பொருட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆம் ஆண்டு தொடக்கம் பொசுபேற்றுப் பசளையிற் கட்மியத்துக்கு ஓர் எல்லை விதித்துள்ளது. புளிப்பான மண்ணிலும் நாகம் குறைந்த மண்ணிலும் பயிர் கட்மியத்தை எளிதில் உறிஞ்சும். புகையிலை அதனை இலையிற் சேர்த்துவைக்கும் இயல்புடையது. ஆதலின் புகைப்போர் உடலில் கட்மியம் மிகுந்து காணப்படுகின்றது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. மண்ணைச் சோதித்த பின்னரே பொசுபேற்றுப் பசளை இடுக. பல போகங்கள் மிகுதியாக இட்ட மரக்கறித் தோட்டங்களில் பொசுபரசு ஏற்கெனவே தேங்கியிருக்கும். மேலும் இடுவது பணத்துக்கும் நட்டம், மண்ணுக்கும் கேடு.

2. புளிப்பு மண்ணாயின், சோதனை காட்டும் அளவுக்கு டொலமைற்று இட்டுப் புளிப்பைத் தணிக்க. நாகம் குறைந்திருப்பின் நாகச் சல்பேற்று இடுக. இது விளைச்சலையும் பெருக்கும். கட்மியம் பயிருட் செல்வதையும் தடுக்கும்.

3. நெல் குடலைப் பருவம் முதல் மணி முற்றத் தொடங்கும் வரை வயல் வரண்டுபோக விடாதிருப்பது, மணியிற் கட்மியம் சேர்வதைக் குறைக்கும். ஆசனிக்கு மிகுந்த நிலத்திலோ நீர் தேங்குவது எதிர்விளைவு தருமாதலின், அங்கே போதனாசிரியரின் ஆலோசனையின்றி இதனைச் செய்யற்க.

4. கூட்டெரு, பசுந்தாட்பசளை ஆகியவற்றைத் தவறாது இடுக. பற்றறி, வர்ணப் பேணி, மின்பொருள் முதலியன கலந்த நகரக் குப்பையிலிருந்து செய்த எருவை உணவுப் பயிருக்கு இடற்க.

5. பழைய பற்றறியை உடைத்தலும், வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதற்காக வீட்டு முற்றத்தில் ஈயத்தை உருக்குதலும் கூடா. அதன் புகையும் தூசும் பிள்ளைகளின் உடலிலேயே விரைந்து சேரும்.

6. கறவை மாடுகளுக்குக் கனியுப்புக் கட்டி வைக்க. செம்பு, செலீனியம் முதலியவற்றைத் தனியே கொடுப்பதாயின் மிருக வைத்தியரின் சொற்படி கொடுக்க. செம்பு மிகின் செம்மறி ஆடு இறந்துபடும்.

7. உணவைப் பலவகைப்படுத்துக. அதிகம் தீட்டாத அரிசி, குரக்கன், பயறு, உழுந்து, எள்ளு, முருங்கையிலை, முட்டை, மீன் ஆகியவற்றை மாறிமாறி உண்க. கடல் மீன் செலீனியத்தை நன்கு தருவது. நெத்தலி போன்ற சிறு மீனும் ஏழைக்கு எட்டக்கூடியது.

8. ‘இருதயத்துக்கு வலுவூட்டும்’ எனக் கூறி விற்கப்படும் உலோகச் சத்து மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணற்க. செலீனியம் போதியளவு பெறும் மக்களிடத்து மேலதிக மாத்திரை இருதய நோயைக் குறைக்கவில்லை என்பது சோதனைகளாற் கண்டதாகும்.

9. புகைத்தலை ஒழிக்க. இருதயத்துக்கு இதனினும் சிறந்த நன்மை வேறு செய்தல் அரிது.

முடிவாக, உப்பு, கொழுப்பு, நீரிழிவு, புகைத்தல், உடலுழைப்பின்மை ஆகியனவே இருதய நோய்க்கு இன்றும் பெருங் காரணங்களாக உள்ளன என்பதை மறத்தலாகாது. மார்பு நோவு, மூச்சு முட்டுதல், கால் வீக்கம் கண்டால் காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்க. ஆயினும் மண்ணிலிருந்து கலத்துக்கு வரும் நுண்பொருள்களின் காவல் கமக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. மண்ணைச் சோதித்து, அளவறிந்து பசளையிட்டு, பல பயிர் செய்து, பலவும் உண்பாராயின், அவர் தம் பிள்ளைகளின் இருதயத்தையும் தம் விளைவை வாங்கி உண்போரின் இருதயத்தையும் ஒருங்கே காத்தவராவர்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.